ஈயின் சிறகுத் தசையில் விசை பிறப்பது எப்படி?

கேள்வி இதுதான்: பழ ஈ நொடிக்குச் சுமார் 200 தடவை சிறகடிக்கிறது. அதன் தசையில் இருப்பதும் நம் கை கால் தசையில் இருக்கும் அதே மையோசின், ஆக்டின் என்ற புரத ஜோடிதான். அப்படியானால் இவ்வளவு வேகத்தில் இழுத்து, விட்டு, மறுபடி இழுக்க அந்தப் புரதங்களால் எப்படி முடிகிறது? ஒவ்வொரு அடிக்கும் நரம்பு ஒரு கட்டளை அனுப்புகிறதா?

அனுப்புவதில்லை. மற்ற எல்லாமே இதிலிருந்துதான் கிளைக்கிறது என்பதால் இங்கேயே தொடங்குகிறேன். 1949இல் பிரிங்கிள் என்ற கேம்பிரிட்ஜ் உயிரியலாளர் பூச்சிகளின் பறக்கும் தசையில் மின்துடிப்புகளைப் பதிவு செய்தார். ஈக்களில் சிறகு அடிக்கும் வேகம் ஒரு பக்கம், நரம்பு துடிக்கும் வேகம் இன்னொரு பக்கம், இரண்டுக்கும் ஒட்டே இல்லை. பழ ஈயில் ஒரு தசைநாருக்கு நொடிக்கு ஐந்து முதல் பத்துத் துடிப்புகள்தான் போகின்றன. அதாவது ஒரு துடிப்பு வந்து அடுத்தது வருவதற்குள் சிறகு இருபது, முப்பது, சில சமயம் நாற்பது தடவை மேலே போய்க் கீழே வந்துவிடுகிறது. நரம்பின் தாளமும் தசையின் தாளமும் சேராததால் இதை ஒத்திசைவற்ற தசை என்கிறார்கள். ஈ, கொசு, தேனீ, வண்டு எல்லாம் இந்த வகை. தும்பி, வெட்டுக்கிளி, பட்டாம்பூச்சி இவற்றில் பழைய முறைதான், ஒரு சிறகடிப்புக்கு ஒரு கட்டளை.

பழைய முறையில் வேகத்துக்கு ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. ஒவ்வொரு சுருக்கத்துக்கும் தசைக்குள் கால்சியம் வெளிவர வேண்டும், தசை தளர அந்தக் கால்சியத்தைத் திரும்ப உள்ளே இறைக்க வேண்டும். அதற்கு நேரம் ஆகிறது, ஏடிபி (செல்லின் எரிபொருள் மூலக்கூறு) செலவாகிறது, இறைக்கும் சவ்வுப் பைகளுக்குத் தசைக்குள்ளேயே இடமும் ஒதுக்க வேண்டியிருக்கிறது, பைகள் அடைத்துக்கொண்ட இடத்தில் இழுக்கும் இழைகளை வைக்க முடியாது. ஈயின் தசையில் இந்தப் பைகள் மிகக் குறைவு. இழைகளும், ஏடிபியைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும்தான் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன.

சரி, விசை எங்கே பிறக்கிறது? மையோசின் என்பது ஒரு நீண்ட வாலும் இரண்டு தலைகளும் கொண்ட மூலக்கூறு. நூற்றுக்கணக்கான மையோசின்களின் வால்கள் ஒன்றாக அடுக்கிக்கொண்டால் அது தடித்த இழை, தலைகள் அதன் மேற்பரப்பில் துருத்திக்கொண்டு நிற்கும். லெத்தோசெரஸ் என்ற ராட்சத நீர்ப்பூச்சியில் ஒவ்வொரு 14.5 நானோமீட்டருக்கும் நான்கு மையோசின்கள், அதாவது எட்டுத் தலைகள், ஒரு வளையமாக நிற்கின்றன. (இந்தத் துறையில் மிக அதிகமாக ஆராயப்பட்ட பூச்சிகளில் ஒன்று இது. அதன் பறக்கும் தசையில் இழைகள் ஏறக்குறையப் படிகம் போல ஒழுங்காக இருக்கும், எக்ஸ்ரேக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கும் அதைவிட நல்ல தசை கிடைப்பது கஷ்டம்.) தடித்த இழைகளுக்கு நடுவே மெல்லிய ஆக்டின் இழைகள். தலை ஆக்டினைப் பிடித்துக்கொண்டு, தன் கழுத்தை நெம்புகோல் போலச் சாய்க்கிறது, ஆக்டின் சில நானோமீட்டர் நகர்கிறது. விசை என்று நாம் சொல்வது இந்தச் சாய்வைத்தான்.

இந்த இடத்தில் பலரும் ஒரு விஷயத்தைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். ஏடிபி வந்து ஒட்டியதும் தலை இழுக்கும் என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர் எதிர்: ஏடிபி வந்து ஒட்டினால் தலை ஆக்டினை விட்டுவிடும். விட்ட பிறகு தலைக்குள்ளேயே ஏடிபி உடைந்து, டைபாஸ்பேட்டும் ஒரு தனி பாஸ்பேட்டும் ஆகிறது. (அந்த டைபாஸ்பேட்டின் சுருக்கப் பெயரும் தமிழில் எழுதினால் ஏடிபி என்றே வந்துவிடும், குழப்பம் வேண்டாம் என்று டைபாஸ்பேட் என்றே எழுதுகிறேன்.) உடையும்போது கழுத்து பின்னால் சாய்ந்து, வில்லை நாணேற்றி வைத்தது போல் நிற்கிறது. அந்த நிலையில் தலை ஆக்டினை மெல்லத் தொடுகிறது, பிடி உறுதியாகும்போது பாஸ்பேட் வெளியேறுகிறது, கழுத்து முன்னால் சாய்கிறது, இழுப்பு நடக்கிறது. பிறகு டைபாஸ்பேட் வெளியேறும், புது ஏடிபி வந்து உட்காரும், தலை மறுபடி விடும். ஏடிபி தீர்ந்துபோனால் விட முடியாமல் எல்லாத் தலைகளும் பிடித்தபடியே இறுகிவிடும். இறந்த உடல் விறைப்பதும் இதனால்தான்.

தலை சாய்கிறது என்பதற்கான முதல் நேரடிப் படமே பூச்சியின் பறக்கும் தசையிலிருந்துதான் வந்தது என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். 1965இல் ரீடி, ஹோம்ஸ், ட்ரெகியர் மூவரும் லெத்தோசெரஸ் தசையை ஏடிபி உள்ள நிலையிலும் இல்லாத நிலையிலும் ஒப்பிட்டார்கள். ஏடிபி இருந்தபோது தலைகள் இழைக்குச் செங்குத்தாக, 90 டிகிரியில் நின்றன. இல்லாதபோது ஆக்டினைப் பிடித்துக்கொண்டு சுமார் 45 டிகிரி சாய்ந்திருந்தன. இழைகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குகின்றன என்று 1954இலேயே தெரிந்துவிட்டது, ஆனால் சறுக்க வைப்பது எது என்பதற்கு இந்தச் சாய்வுதான் முதல் தடயம். மையோசின் தலையின் அணு அளவிலான அமைப்பு 1993இல்தான் வெளிவந்தது.

ஒரு தலையின் இழுப்பு எவ்வளவு இருக்கும்? சில பைக்கோநியூட்டன் (ஒரு நியூட்டனை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு). 5 பைக்கோநியூட்டன் விசையோடு 8 நானோமீட்டர் நகர்த்துவதாக வைத்துக்கொண்டால் வேலை 40 அலகு (பைக்கோநியூட்டன் நானோமீட்டர் கணக்கில்). ஒரு ஏடிபி உடைந்தால் செல்லுக்குள் கிடைக்கும் ஆற்றல் அதே அலகில் 80 முதல் 100. சுற்றியிருக்கும் தண்ணீர் மூலக்கூறுகளின் வெப்ப ஆட்டம் சுமார் 4 அலகு. அதாவது இந்த மோட்டார் எந்நேரமும் நாலாபக்கமும் உலுக்கப்படும் இடத்தில் இருந்துகொண்டு, அந்த உலுக்கலைப் போலப் பத்து மடங்கு வேலையை ஒரே இழுப்பில் செய்கிறது. எனக்கு இது இன்னும் ஆச்சரியம் குறையாத கணக்கு.

இப்போது அதே தலையைப் பழ ஈயின் தசைக்குள் வைத்துப் பாருங்கள். ஒரு சிறகடிப்புக்கு 5 மில்லிசெகண்ட். சுருங்கும் பாதி 2.5 மில்லிசெகண்ட். தசையின் அடிப்படை அலகான சார்கோமியரின் நீளம் சுமார் 3.3 மைக்ரோமீட்டர், அதில் பாதியை எடுத்துக்கொண்டால் 1.7 மைக்ரோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பறக்கும்போது தசை நீளம் மாறுவது சில சதவீதம்தான், 3 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு சுருக்கத்திலும் ஆக்டின் நகர்வது சுமார் 50 நானோமீட்டர், மில்லிசெகண்டுக்கு 20 நானோமீட்டர் வேகம். தலையின் வீச்சோ 10 நானோமீட்டருக்கும் குறைவு. அப்படியென்றால் பிடித்த தலை அரை மில்லிசெகண்டுக்குள் தன் வேலையை முடித்துவிட்டு, உடனே விட்டாக வேண்டும். விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் நகரும் ஆக்டின் அதை இழுத்துக்கொண்டு போகும், இழுக்க வந்ததே பிரேக் ஆகிவிடும். ஆகவே இந்தத் தசைக்கு வேகமாகப் பிடிப்பதைவிட வேகமாக விடுவதுதான் உயிர்நாடி.

பழ ஈயின் பறக்கும் தசை மையோசின் இதற்காகவே பழக்கப்பட்டது போல இருக்கிறது. அது மிக வேகமானது, கூடவே ஏடிபியோடு அதன் பிடிமானம் வழக்கத்துக்கு மாறாகப் பலவீனமானது. டைபாஸ்பேட்டைச் சட்டென்று உதறிவிடும் வகையில் அமைந்த இடத்தில் ஏடிபியும் அவ்வளவு உறுதியாக உட்காராது, ஒன்றுக்கு விலை மற்றொன்று. அந்தப் பலவீனத்தை ஈடுகட்ட தசைக்குள் ஏடிபி எப்போதும் தாராளமாக இருக்க வேண்டும். மைட்டோகாண்ட்ரியா ஏன் தசையின் கன அளவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இடம் பிடிக்கிறது, மூச்சுக்குழாய்க் கிளைகள் ஏன் தசைநார்களுக்குள்ளேயே ஊடுருவிப் போகின்றன என்பதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. இன்னொன்று, பழ ஈயின் எல்லாத் தசைகளுக்குமான மையோசின் ஒரே மரபணுவிலிருந்துதான் வருகிறது. துண்டுகளை வெவ்வேறு விதமாகக் கோத்து ஒரு வகை புழுவின் மெதுவான தசைக்கு, ஒரு வகை சிறகுத் தசைக்கு என்று செய்துகொள்கிறது. கருநிலை மையோசினைச் சிறகுத் தசையில் வைத்துப் பார்த்தார்கள், ஈயால் பறக்க முடியவில்லை.

இவ்வளவும் வேகத்துக்குப் பதில். தாளத்துக்கு இன்னும் பதில் வரவில்லை: நரம்பு சொல்லாவிட்டால் எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்று லட்சோபலட்சம் தலைகளுக்கு யார் சொல்கிறார்கள்?

பழ ஈயின் மார்பை உறையவைத்து, பிளேடால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, மெத்தில் சாலிசிலேட்டில் ஊறவைத்தால் (அறை முழுக்க வலி நிவாரணத் தைலத்தின் வாசனை வரும்) புறக்கூடு கண்ணாடி போலத் தெளிந்துவிடும். துருவப்படுத்திய ஒளியில் அதைப் பார்த்தால் ஆறு தடித்த நார்கள் முன்னிருந்து பின்னாக, ஒன்றன்மேல் ஒன்றாக, ஒளிர்ந்துகொண்டு கிடக்கும். அவற்றுக்குக் குறுக்கே மேலிருந்து கீழாக இன்னொரு கூட்டம். மார்பில் மற்றவற்றுக்கு இடமே இல்லாத அளவுக்கு இந்த இரண்டு கூட்டமும் நிறைந்திருக்கும். வேடிக்கை என்னவென்றால் இவற்றில் ஒன்றுகூடச் சிறகோடு ஒட்டியிருக்காது. நீளவாட்டுத் தசை சுருங்கினால் மார்புக்கூடு முன்பின்னாக நெருங்கி, முதுகு மேலே வளையும், சிறகு கீழே அடிக்கும். மேல்கீழ்த் தசை சுருங்கினால் முதுகு கீழே இழுபடும், சிறகு மேலே போகும். ஒன்று சுருங்கும்போதெல்லாம் கூட்டின் வழியாக மற்றொன்று நீட்டப்படுகிறது. (திசை திருப்புவது சிறகின் அடியில் இருக்கும் வேறு சின்னத் தசைகளின் வேலை, அவை நரம்போடு தாளம் தவறாமல் இயங்குபவை.)

அந்த நீட்டல்தான் கட்டளை. இந்தத் தசையைச் சட்டென்று ஒன்றிரண்டு சதவீதம் நீட்டிப் பிடித்தால், முதலில் ஒரு ஸ்பிரிங் போல விசை ஏறி இறங்கும், கொஞ்சம் தாமதித்து, எதையும் தொடாமலேயே விசை மறுபடி தானாக ஏறும். அந்த இரண்டாவது ஏற்றம் மையோசின் தலைகள் புதிதாகப் பிடித்து இழுப்பதால் வருவது. இதற்கு நீட்சித் தூண்டல் என்று பெயர். சுருங்க விட்டால் எதிர்மாறாக, கொஞ்சம் தாமதித்து விசை சரியும்.

தாமதம் என்ற சொல்லைத்தான் நான் அடிக்கோடிடுவேன். நீட்டும்போதே விசை ஏறி, சுருங்கும்போதே இறங்கினால் அது வெறும் ரப்பர் பட்டை, உள்ளே போட்டது வெளியே வரும், ஒரு துளி கூடுதலாக வராது. இங்கே நீட்டி முடித்த பிறகு விசை ஏறுகிறது. அதற்குள் எதிர்த்தசை விட்டுவிட்டது, இந்தத் தசை சுருங்கத் தொடங்கிவிட்டது. ஆகவே சுருங்கும் பயணம் முழுக்க விசை அதிகமாகவும், நீளும் பயணம் முழுக்கக் குறைவாகவும் இருக்கிறது. அந்த வித்தியாசம்தான் ஒவ்வொரு சுற்றிலும் காற்றைத் தள்ளக் கிடைக்கும் நிகர வேலை. ஊஞ்சலை எப்போது தள்ளுவது என்று கை தெரிந்துவைத்திருப்பது போல, தாமதத்தின் அளவும் மார்புக்கூடு, சிறகு இரண்டும் சேர்ந்து இயல்பாக ஆடும் வேகமும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்க வேண்டும். சிறகின் நுனியை வெட்டிவிட்டால் ஈ முன்பைவிட வேகமாகச் சிறகடிப்பது இதனால்தான், எடை குறைந்த ஊஞ்சல் வேகமாக ஆடுகிறது, தசை அந்தப் புதிய தாளத்தோடு போய்விடுகிறது.

நரம்புக்கும் செல் சவ்வுக்கும் இந்தத் தாளத்தில் பங்கே இல்லை என்று உறுதியாகக் காட்டிய சோதனை 1960களில் நடந்தது. லெத்தோசெரஸ் தசைநாரைக் கிளிசரினில் ஊறவைத்துச் சவ்வுகளைச் செயலிழக்கச் செய்துவிட்டார்கள். மிஞ்சியது வெறும் புரத இழைகள், நரம்பு இல்லை, கால்சியம் இறைக்கும் பை இல்லை, உயிரும் இல்லை. அதை ஏடிபியும் மாறாத அளவு கால்சியமும் உள்ள கரைசலில் வைத்து, ஒத்ததிரும் ஒரு கருவியோடு கட்டினால் தசைநார் தானாகவே ஊசலாடத் தொடங்கியது. 1966இல் ஜுவெல், ரூக் இருவரும் இதை வெளியிட்டார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த சோதனை இது, ஏனென்றால் தாளம் இழைகளுக்குள்ளேயே இருக்கிறது என்பதற்குப் பிறகு வாதமே தேவையில்லை.

அப்படியானால் நரம்பு எதற்கு? அது அனுப்பும் துடிப்புகள் கால்சியத்தை ஒரு மட்டத்தில் வைத்திருக்கின்றன. கால்சியம் இருந்தால்தான் தசை நீட்டலுக்குப் பதில் சொல்லும். துடிப்பு அடிக்கடி வந்தால் மட்டம் உயர்ந்து, ஒவ்வொரு அடியிலும் அதிகத் தலைகள் சேரும், திறன் கூடும். வண்டியில் ஆக்சிலரேட்டர் போல என்று வைத்துக்கொள்ளலாம், பிஸ்டன் எப்போது மேலே போக வேண்டும் என்று ஆக்சிலரேட்டர் சொல்வதில்லை. பழ ஈ திடுக்கிட்டுக் கிளம்பும்போது முதல் உதையைத் தருவது காலைத் தள்ளும் ஒரு குதிக்கும் தசை, அது முதுகைச் சுண்டி இழுத்ததும் நீளவாட்டுத் தசை நீட்டப்படுகிறது, ஊசல் தொடங்கிவிடுகிறது.

இனி கடினமான பகுதி. நீட்டலை உணர்வது எந்த மூலக்கூறு? இதில் ஒருமித்த முடிவு இன்னும் வரவில்லை, ஆனால் ஒவ்வொரு யோசனைக்குப் பின்னாலும் உறுதியான சான்று இருக்கிறது.

1979இல் ரே என்பவர் வடிவக் கணக்கிலிருந்து ஒரு யோசனை சொன்னார். ஆக்டின் இழையில் தலைகள் பிடிக்க வாகான இடம் சுமார் 38.7 நானோமீட்டருக்கு ஒரு முறைதான் வருகிறது, தலைகளின் வளையம் 14.5 நானோமீட்டருக்கு ஒரு முறை. எட்டு வளையங்களும் மூன்று வாகான இடங்களும் ஏறக்குறைய 116 நானோமீட்டரில் சரியாகச் சந்திக்கின்றன. ஆகவே தசையைக் கொஞ்சம் நீட்டினால் தலைகளும் பிடிக்கும் இடங்களும் நேருக்கு நேர் வந்து பொருந்தும் என்றார். அழகான யோசனை, கணக்கும் சரி, ஆனால் அது மட்டுமே போதாது என்பதுதான் என் கருத்து, பொருத்தம் வாய்ப்பைக் கொடுக்கும், தாமதத்தை அதனால் மட்டும் விளக்க முடியாது.

இரண்டாவது வழி ஆக்டின் பக்கத்திலிருந்து. ஆக்டின் மேல் ட்ரோபோமையோசின் என்ற கயிறு போன்ற புரதம் பிடிக்கும் இடங்களை மறைத்துக்கொண்டு கிடக்கும், ட்ரோபோனின் என்ற புரதம் கால்சியத்தைக் கண்டால் அந்தக் கயிற்றை ஒதுக்கும். லெத்தோசெரஸின் பறக்கும் தசையில் கால்சியத்தைப் பிடிக்கும் ட்ரோபோனின் பகுதி இரண்டு வகை. அவற்றை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்தபோது ஒரு வகை இருந்தால் நீட்சித் தூண்டல் மட்டும் கிடைத்தது, மற்றது இருந்தால் கால்சியத்துக்கேற்ற சாதாரணச் சுருக்கம் கிடைத்தது. 2004இல் வந்த முடிவு இது. 2011இல் எக்ஸ்ரே சான்றோடு இன்னொன்று வந்தது: சில மையோசின் தலைகள் ட்ரோபோனினையே தொட்டுக்கொண்டு ஒரு பாலமாக நிற்கின்றன, தசை நீளும்போது அந்தப் பாலம் இழுபட்டு, ட்ரோபோமையோசினை இயந்திர விசையால் விலக்கிவிடக்கூடும்.

மூன்றாவது மையோசின் பக்கத்திலிருந்தே. ஜப்பானில் மிகப் பிரகாசமான எக்ஸ்ரே கதிர்களைத் தரும் ஸ்பிரிங்-8 சின்க்ரோட்ரானில் இவாமோட்டோ, யாகி இருவரும் உயிருள்ள வண்டுத்தேனீயைக் கட்டிப் பறக்கவிட்டு, நொடிக்கு 5,000 படங்கள் என்ற வேகத்தில் அதன் இரண்டு தசைக் கூட்டங்களின் எக்ஸ்ரே சிதறலையும் ஒரே நேரத்தில் எடுத்தார்கள், 2013இல் வெளிவந்தது. ஒரு சிறகடிப்புக்குள்ளேயே பல பத்துப் படங்கள்! நீட்டப்படும்போது ஆக்டினைப் பிடித்திருக்கும் தலைகளிலேயே ஏற்படும் மாற்றத்தை அவர்கள் தூண்டுகோலாக முன்வைத்தார்கள். என்னைக் கேட்டால், இந்த மூன்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, பிடித்திருக்கும் சில தலைகள் நீட்டலை உணர்ந்து, ட்ரோபோனின் வழியாக மற்றத் தலைகளுக்கு வழிவிடுவது இயல்பாகவே ஒன்றாகச் சேரக்கூடிய கதை.

எது உணர்ந்தாலும், ஒன்றிரண்டு சதவீத நீட்டல் வீணாகாமல் இழை வரை போய்ச் சேர வேண்டும். நம் தசை ஓய்வில் தொளதொளவென்று நீளும். பூச்சியின் பறக்கும் தசை ஓய்விலேயே விறைப்பானது. தடித்த இழையின் நுனியை சார்கோமியரின் எல்லைச் சுவரோடு புரோஜெக்டின், கெட்டின் போன்ற புரதங்கள் இறுக்கமாகக் கட்டியிருக்கின்றன, அதனால் கூட்டின் சின்ன அசைவும் அப்படியே இழைக்குப் போகிறது. தடித்த இழையின் மேல் ஃபிளைட்டின் என்ற புரதமும் ஒட்டியிருக்கும். அது இல்லாத பழ ஈக்களை உருவாக்கிப் பார்த்தார்கள். கூட்டுப்புழுவுக்குள் தசை ஓரளவு ஒழுங்காகவே உருவாகிறது, ஈ வெளிவந்து தசையைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு சார்கோமியர்கள் கிழிந்து சிதைந்துவிடுகின்றன. அந்த ஈக்கள் பறப்பதில்லை.

இந்த நீட்சித் தூண்டல் பூச்சிக்கு மட்டும் சொந்தமானது அல்ல. நம் இதயத் தசையிலும் இது இருக்கிறது, அளவு குறைவு. 2023இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் எதிர்பாராதது. புகையிலைப் பருந்து அந்துப்பூச்சி நரம்புத் தாளத்துக்குக் கட்டுப்பட்டுச் சிறகடிக்கும் பழைய வகை என்றுதான் எல்லோரும் வைத்திருந்தார்கள். அதன் தசையை நீட்டிப் பார்த்தபோது அங்கும் அந்தத் தாமதமான இரண்டாவது ஏற்றம் இருந்தது. பரிணாம மரத்தோடு சேர்த்துப் பார்த்தால் ஒத்திசைவற்ற தசை பூச்சிகளில் பல தடவை தனித்தனியாக அல்ல, ஒரே ஒரு தடவை தோன்றி, பிறகு சில கிளைகளில் நரம்புத் தாளத்துக்கே திரும்பியிருக்க வாய்ப்பு அதிகம் என்று அந்த ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்துப்பூச்சியின் முன்னோர் ஒரு காலத்தில் ஈயைப் போலவே பறந்திருக்கலாம், அந்தத் தாமதம் மட்டும் இன்னும் தசையில் மிச்சமிருக்கிறது.